அக்கா மகனுக்கு ஓசிடி. தாய்மாமனாக நான் என்ன செய்யலாம்?

வைகைக்கரை:

வணக்கம். நான் மதுரையில் இருக்கிறேன். அக்கா குடும்பம் வத்தலக்குண்டில். அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு. போன வருடத்திலிருந்து கை கழுவுவது கூடிக்கொண்டே வந்தது. கொரோனா காலத்துப் பழக்கம் என்று வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் குளியலறைக்குள் போனால் ஒரு மணி நேரம் வெளியே வருவதில்லை. படித்த வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறான். எழுதியதை அழித்து அழித்து நோட்டுத் தாள் கிழிகிறது. "அம்மா, அந்தக் கதவை நான் தொடலைல்ல? என் கை சுத்தமா இருக்குல்ல?" என்று நாள் முழுக்கக் கேள்வி.

மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டி, ஓசிடி (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலை மறுபடி மறுபடி செய்ய வைக்கும் மனநோய்) என்று சொல்லி மாத்திரை தொடங்கியாகிவிட்டது. சிபிடி என்ற பேச்சுவழி மனப்பயிற்சியும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். ஆகவே சிகிச்சை பற்றி நான் கேட்கவில்லை. அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

என் கேள்வி மற்றவர்களைப் பற்றியது. அக்கா தனியார் பள்ளி வேலையை விட்டுவிட்டாள். மச்சான் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், இப்போதெல்லாம் இரவு பதினோரு மணிக்குத்தான் வீடு திரும்புகிறார். அக்காவின் மாமியார் கண்ணேறு என்கிறார். ஐந்தாவது படிக்கும் மகள் ஒருத்தி இருக்கிறாள், அவளை யாரும் கவனிப்பதாகவே தெரியவில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனையோடு போன் செய்கிறார்கள். பணம் கொடுத்தால் மச்சான் வாங்க மாட்டார். "எதுவானாலும் சொல்லுக்கா" என்றால் "ஒண்ணுமில்லடா" என்கிறாள். இந்த நிலையில் உருப்படியாக என்ன செய்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மொட்டைமாடி:

தம்பி, "எதுவானாலும் சொல்லு" என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டில் இருப்பவளுக்கு என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்லக்கூடத் தெம்பு இருக்காது. என் மகள் ப்ளஸ் ஒன் படிக்கும்போது மன அழுத்தத்தில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அப்போது எங்களுக்கு வந்த போன்கள், வாட்ஸ்அப் வீடியோக்கள், முருங்கைக்கீரை சூப் செய்முறைகள் எல்லாம் சேர்த்தால் ஒரு புத்தகம் போடலாம். உதவியது என் நாத்தனார் ஒருத்திதான். அவள் ஒன்றுமே கேட்கவில்லை. புதன்கிழமை காலையில் வந்து நின்று, "இன்னைக்கு மத்தியானச் சமையல் என்னோடது, நீ போய்ப் படு" என்றாள். அடுத்த புதனும் வந்தாள்.

ஆகவே நாள் குறித்துச் சொல்லுங்கள். "சனிக்கிழமை பத்து மணிக்கு வர்றேன். மாத்திரைச் சீட்டை எடுத்து வை, வாங்கிட்டு வந்துடுறேன், பாப்பாவையும் வெளிய கூட்டிட்டுப் போறேன்." இப்படிச் சொன்னால் மறுக்க முடியாது. சொன்ன நாளில் போய்விடுங்கள், ஒரு வாரம் முடியாவிட்டால் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, தினமும் போன் செய்து "இப்ப எப்படி இருக்கான்" என்று கேட்காதீர்கள். நேற்று எப்படியோ இன்றும் அப்படித்தான் இருப்பான். அதை ஒவ்வொருவருக்கும் வாயால் ஒப்பிப்பதே அவளுக்கு ஒரு வேலை. முடிந்தால் சொந்தக்காரர்களின் போன் எல்லாம் உங்களுக்கு வரும்படி செய்யுங்கள். "அக்காகிட்ட கேக்காதீங்க, விவரம் நான் சொல்றேன்" என்று ஒரு அறிவிப்பு போதும்.

வைகைக்கரை:

போன் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. இன்றைக்கே குடும்பக் குழுவில் போட்டுவிடுகிறேன்.

மனநலப்பணி:

நான் மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப்பணியாளராக இருக்கிறேன், வேறு மாவட்டத்தில். சிகிச்சை பற்றிக் கேட்கவில்லை என்றீர்கள். ஆனால் ஓசிடியில் குடும்பத்தையும் சிகிச்சையையும் பிரிக்க முடியாது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

பையன் "கை சுத்தமா இருக்கா" என்று கேட்கிறான். அம்மா "சுத்தமா இருக்குப்பா" என்கிறாள். அவனுக்கு ஐந்து நிமிடம் நிம்மதி. பிறகு மறுபடியும் சந்தேகம், மறுபடியும் கேள்வி. பாசத்தில் சொல்லும் பதில்தான், ஆனால் ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்கு வழி வைக்கிறது. அவனுக்கென்று தனித் தட்டு, தனித் துண்டு, வாரத்துக்கு டஜன் சோப்பு, அவன் தொடக்கூடாது என்கிற கதவை மற்றவர்கள் திறந்துவிடுவது என்று மொத்த வீடும் நோயின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுவிடும். கிட்டத்தட்ட எல்லாக் குடும்பங்களிலும் நடப்பது இது, யார் தப்பும் இல்லை.

அதற்காக நாளையிலிருந்து யாரும் பதில் சொல்லக்கூடாது என்று திடீரென நிறுத்திவிடாதீர்கள். பையன் துடித்துப்போவான், வீட்டில் சண்டைதான் மிஞ்சும். சிபிடியில் ஓசிடிக்கென்றே ஈஆர்பி என்று ஒரு முறை இருக்கிறது. பயப்படும் விஷயத்தைச் சின்னச் சின்னப் படியாக எதிர்கொண்டு, கழுவாமல் தாங்கிப் பழகுவது. எந்தப் படி முதலில் என்பதைப் பையனும் சைக்காலஜிஸ்ட்டும் பெற்றோரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொல்ல வேண்டும். அம்மா ஒரு பதில், பாட்டி ஒரு பதில், சனிக்கிழமை வரும் மாமா ஒரு பதில் என்றால் வேலைக்கு ஆகாது. ஆகவே ஒரு முறையாவது நீங்களும் அந்த அமர்வுக்குப் போங்கள்.

சைக்காலஜிஸ்ட்டைத் தேடும்போது இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. செலவு தாங்காவிட்டால் மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, திண்டுக்கல்லிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. எங்கள் திட்டக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் போகும், எந்த நாள் என்பதை அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம். மாத்திரை இலவசம்.

மாத்திரை பற்றி ஒரே ஒரு விஷயம். ஓசிடிக்குக் கொடுக்கும் மருந்து வேலை செய்வது தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். மூன்றாவது வாரத்தில் "ஒரு பிரயோஜனமும் இல்லை" என்று யாராவது நிறுத்தச் சொல்வார்கள், அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருங்கள். தொடக்க வாரங்களில் பையன் வழக்கத்துக்கு மாறாகப் பதற்றமாகவோ, தூக்கமே இல்லாமலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பழனிமலை:

மாத்திரை எல்லாம் சின்ன வயசிலேயே பழக்கக் கூடாது. திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கி உச்சிக்காலத் தீர்த்தம் தெளித்தால் மனக்கோளாறு தீரும். காலங்காலமாக நடப்பது. எங்கள் உறவில் ஒருவர் 48 நாள் இருந்துவிட்டு வந்து நன்றாக இருக்கிறார். நம்பிக்கை இல்லாதவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மனநலப்பணி:

சிரிக்கவில்லை ஐயா. என்னிடம் வரும் குடும்பங்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் கோயிலுக்கோ தர்காவுக்கோ போய்விட்டுத்தான் வருகிறார்கள். ஊரில் யாரும் கிட்டச் சேர்க்காத நேரத்தில் அங்கேதான் தங்க இடம் கிடைக்கிறது. ஆனால் ஏர்வாடியையும் மறக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. இப்போது அதே ஏர்வாடியில் தர்காவுக்கு வருகிறவர்களுக்கு அரசு மனநல மருத்துவம் கிடைக்கிறது. துவாவும் நடக்கும், மருந்தும் கொடுப்பார்கள். என் நிலைப்பாடும் அதுதான்: சாமி கும்பிடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஓசிடியில் மட்டும் ஒரு எச்சரிக்கை. எண்ணிக்கையோடு சம்பந்தப்பட்ட பரிகாரத்தைப் பையன் கையில் கொடுக்காதீர்கள். 108 முறை மந்திரம் சொல், தவறினால் முதலிலிருந்து தொடங்கு என்றால் அது நோய்க்குத் தீனி. எண்ணிக்கை தப்பியதா என்ற சந்தேகத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். பாட்டிக்கு வேண்டுதல் இருந்தால் பாட்டியே செய்யட்டும். காலையில் பையனுக்குத் திருநீறு பூசிவிடும் வேலையை அவருக்குக் கொடுங்கள். வீட்டில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்றால் மாத்திரையோடு அவர் சண்டை போட மாட்டார்.

கீழவாசல்:

இதெல்லாம் செல்போனால் வருவது. எங்கள் காலத்தில் ஏது ஓசிடி. நாலு போடு போட்டால் தானாகச் சரியாகும்.

மொட்டைமாடி:

உங்கள் காலத்திலும் இருந்தது. "மடி பார்க்கிற பாட்டி" என்றும் "சந்தேகப் பேர்வழி" என்றும் பட்டப்பெயர் வைத்து உட்கார வைத்திருந்தீர்கள். அடியை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மனநலப்பணி:

2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களைப் பார்த்தார்கள். 13 முதல் 17 வயதுக்குள் நூற்றுக்கு ஏழு பிள்ளைகளுக்கு மேல் ஏதோவொரு மனநலக் குறைபாடு இருந்தது, சரியாகச் சொன்னால் 7.3 சதவீதம். அதாவது ஐம்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று நான்கு பேர். அத்தனை பேரையும் அடித்துத் திருத்த ஆளும் போதாது.

இரண்டாவது_பிள்ளை:

இங்கே நான் எழுதுவது குறைவு. இந்த இழையில் ஐந்தாவது படிக்கும் தங்கையைப் பற்றி ஒரே ஒரு வரி வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் அண்ணனுக்கு ப்ளஸ் ஒன்னில் சைக்கோசிஸ் வந்தது, இல்லாததை இருப்பதாக நம்ப வைக்கும் மனநோய். நான் ஏழாவது. வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள், நான் உள்ளே வந்தால் நிறுத்திவிடுவார்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வார்கள். அதற்கு முந்தைய வாரம் நானும் அண்ணனும் ரிமோட்டுக்குச் சண்டை போட்டிருந்தோம். அதனால்தான் அவனுக்கு இப்படி ஆனது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் இது ஒட்டிக்கொள்ளுமா என்ற பயம் வேறு. அவன் குடித்த டம்ளரில் குடிக்க மாட்டேன்.

வருகிறவர்கள் எல்லாரும் என் தலையைத் தடவி "நீதான்மா அம்மாவைப் பாத்துக்கணும், நீயாச்சும் நல்லாப் படிக்கணும்" என்பார்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் சொல்லக்கூடாத வாக்கியம் அது. அப்புறம் நான் காய்ச்சல் வந்தால்கூடச் சொல்ல மாட்டேன். மதிப்பெண் குறைந்தால் அந்த விடைத்தாளை ஒளித்து வைப்பேன்.

எனக்கு வேண்டியிருந்தது ரொம்பச் சாதாரணமான விஷயங்கள். காம்பஸ் பாக்ஸ் உடைந்துபோனது, வாங்கித்தர ஆள் இல்லை. ஆண்டு விழாவில் ஆடினேன், யாரும் வரவில்லை. என் சித்தப்பா கடைசியில் ஒருநாள் பரோட்டா கடைக்குக் கூட்டிப்போய், இலையைப் போட்டு உட்கார்ந்ததும் நேராகச் சொன்னார்: "உங்க அண்ணனுக்கு மூளையில ஒரு நோய். சக்கரை வியாதி மாதிரி மாத்திரை இருக்கு. நீ சண்டை போட்டதால வரல. உனக்கு ஒட்டாது. எப்ப என்ன கேக்கணும்னாலும் என்கிட்ட கேளு." அவ்வளவுதான். அன்றைக்கு நான் நாலு பரோட்டா சாப்பிட்டேன்.

மாமா, அந்தப் பாப்பாவுக்கு நீங்கள்தான் அந்த ஆள். அண்ணனைப் பார்க்கப் போகும் நாளில் போகிற போக்கில் அவளுக்கும் ஒரு சாக்லேட் என்று இல்லாமல், அவளுக்காக மட்டும் ஒருநாள் போங்கள். அண்ணன் மேல் கோபம் வருகிறது என்று அவள் சொன்னால் "அப்படிச் சொல்லக்கூடாது" என்று அடக்காதீர்கள். வரத்தான் செய்யும். குளியலறையை ஒரு மணி நேரம் ஒருத்தன் பிடித்துக்கொண்டால் பள்ளிக்குப் போகிறவளுக்குக் கோபம் வராதா?

வைகைக்கரை:

தங்கச்சி, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. பாப்பாவிடம் பேசுகிறேன்.

இன்று வேறொரு சிக்கல். பையன் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி. வகுப்புக்குத் தாமதமாக வருகிறான், தேர்வை முடிப்பதில்லை என்று சொல்லி, "டிசி வாங்கிட்டுப் போய் உடம்பைச் சரி பண்ணிட்டு அடுத்த வருஷம் வாங்க" என்கிறார்களாம். அக்கா கையெழுத்துப் போடப் போய்விட்டாள். நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன்.

சாக்பீஸ்:

டிசி வாங்கவே வாங்காதீர்கள். முப்பது வருட வாத்தியார் சொல்கிறேன். வெளியே போன பிள்ளை திரும்பி வருவது அபூர்வம். ஓசிடிக்கும் இது கெடுதல். வீட்டில் உட்கார்ந்தால் கழுவ நேரம்தான் கூடும்.

முதலில் சட்டம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. மனநோய், ஆட்டிசம், கற்றல் குறைபாடு எல்லாம் அதில் வரும். அரசு நிதி பெறும் பள்ளியும் அங்கீகாரம் பெற்ற பள்ளியும் இதைக் காரணம் காட்டிப் பிள்ளையை ஒதுக்க முடியாது. ஆனால் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குள் நுழையாதீர்கள், கதவு சாத்திக்கொள்ளும். அது கைப்பையில் இருக்கட்டும்.

மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். நோயின் பெயரை எழுதி நிறுத்தாமல், பள்ளியில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். கதவோரம் உட்கார இடம். வெளியே போக வேண்டுமானால் எத்தனை முறை, எத்தனை நிமிடம் என்று பையனும் வகுப்பாசிரியரும் பேசி வைத்துக்கொள்வது. அழித்து அழித்து எழுதுவதால் பென்சிலுக்குப் பதில் பேனா. எழுத்து அழகாக இல்லையென்று திருப்பி எழுதச் சொல்லாமல் இருப்பது. காலையில் முதல் பாடவேளை தவறினால் வாசலில் நிற்க வைக்காமல் உள்ளே விடுவது. இதில் எதற்கும் பள்ளிக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

இதை மொத்த ஆசிரியர் அறைக்கும் சொல்லத் தேவையில்லை. வகுப்பாசிரியர், தலைமையாசிரியர் இரண்டு பேர் போதும். விஷயம் கசிந்தால் பையன்களிடம் பட்டப்பெயர் ஆகிவிடும். எங்கள் ஆசிரியர் அறை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் இருக்கின்றன. ஆனால் சான்றிதழோடு தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத்துறைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஹால் டிக்கெட் வரும் நேரத்தில் ஓடினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே கேட்கத் தொடங்குங்கள். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு இந்தத் தாள் வேலையெல்லாம் அத்துப்படி.

பள்ளிக்கு அக்காவைத் தனியாக அனுப்ப வேண்டாம். நீங்கள் கூடப் போங்கள். பேச வேண்டியதில்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். எதிரே இருப்பவர்களின் குரல் தானாக இறங்கும்.

கணக்குப்பிள்ளை:

சான்றிதழ் என்று வாத்தியார் சொன்னதால் அதை விளக்கிவிடுகிறேன். யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். மனநோய்க்கு 'ஐடியாஸ்' என்ற அளவுகோலை வைத்துப் பார்ப்பார்கள். தன்னைக் கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேச்சு, வேலை அல்லது படிப்பு, இவற்றில் எவ்வளவு பாதிப்பு, எத்தனை காலமாக என்பதுதான் கணக்கு. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கான சான்றிதழாகவே கொடுப்பார்கள்.

வருமான வரியில் பழைய முறையில் கணக்குக் காட்டுகிறவர்களுக்கு, இப்படிப்பட்ட பிள்ளையைப் பராமரிப்பதற்கு 75,000 ரூபாய் கழிவு உண்டு. கடுமையான பாதிப்பு என்றால் 1,25,000. மருத்துவக் காப்பீட்டில், 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டப்படி உடல்நோய்க்கு எப்படியோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். ஆனால் நடைமுறையில் அட்மிட் ஆனால்தான் பணம் வரும். உங்கள் செலவு மருத்துவர் கட்டணமும் வாராந்திரப் பயிற்சியும்தானே, அது பெரும்பாலான பாலிசிகளில் வராது. முன்னாடியே தெரிந்துகொள்ளுங்கள்.

மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட், அதன் நிராமயா மருத்துவக் காப்பீடு என்று யாராவது சொல்வார்கள். அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கு மட்டும். ஓசிடி, மன அழுத்தம் அதில் வராது. ஒரே வீட்டில் ஒரே மாதிரி கஷ்டம்தான், கதவு மட்டும் வேறு வேறு.

மொட்டைமாடி:

நாங்கள் சான்றிதழ் வாங்கவில்லை. வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பெண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம், வேலை என்று வரும்போது அந்த அட்டை ஒரு சுமை. ஊர் எப்படிப்பட்டது என்று எல்லாருக்கும் தெரியும்.

கணக்குப்பிள்ளை:

அட்டையை யாரிடமும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லையே அம்மா.

மொட்டைமாடி:

வாங்கப் போகும்போது வரிசையில் நிற்கிறோமே. எங்கள் ஊரில் அந்த வரிசையில் எனக்குத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள்.

மனநலப்பணி:

இரண்டு பேர் சொல்வதும் நடப்புதான். கட்டாயம் எதுவும் இல்லை. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கக் கோரும் உரிமையும் 2017 சட்டத்தில் இருக்கிறது. ஓசிடி சரியான சிகிச்சையில் நன்றாகக் கட்டுப்படும் பிள்ளைகள் நிறைய உண்டு. ஒரு வருடம் பார்த்துவிட்டு முடிவெடுத்தாலும் ஒன்றும் முழுகிப்போகாது. ஆனால் பொதுத்தேர்வுச் சலுகை வேண்டுமென்றால் அந்தக் காலக்கெடுவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒர்க்‌ஷாப்_அப்பா:

முதல் பதிவில் என் தொழிலைப் பார்த்ததால் எழுதுகிறேன். எனக்கும் பையன், அவனுக்கு ஏடிஹெச்டி, கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு. உங்கள் மச்சான் பதினோரு மணிக்கு வருகிறார் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். வண்டி ரிப்பேர் ஆனால் பிரித்துப் பார்த்துச் சரி செய்கிறவன், வீட்டில் பிள்ளைக்கு என்ன என்று தெரியாமல் நிற்கும்போது எப்படி இருக்கும் தெரியுமா? வீட்டுக்குப் போனால் நாம் செய்வதெல்லாம் தப்பாக இருக்கும். அதட்டினால் தப்பு, செல்லம் கொடுத்தால் தப்பு. ஒர்க்‌ஷாப்பில் கைக்குத் தெரிந்த வேலை இருக்கிறது. அதனால் அங்கேயே இருந்துவிடுவோம்.

டாக்டரிடம் பேசுவது எல்லாம் அம்மாக்கள்தான். என் மச்சினன் ஒருநாள் "நீங்களும் வாங்க மாமா" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். டாக்டர் என்னிடம் நேராகக் கேட்டார், நானும் கேட்டேன். அன்றைக்குத்தான் நோய் என்றே எனக்குப் புரிந்தது. அதுவரைக்கும் திமிர் என்று நினைத்திருந்தேன். அவருக்கென்று ஒரு வேலையைப் பிரித்துக் கொடுங்கள். காலையில் மாத்திரை கொடுப்பதோ, ராத்திரி பையனோடு அரை மணி நேரம் நடப்பதோ. முழுக்க அவருடையதாக இருக்க வேண்டும், அக்கா பின்னால் நின்று திருத்தக்கூடாது.

பண விஷயம்: கையில் கொடுத்தால் வாங்க மாட்டார். மாமன் சீராகச் செய்யுங்கள். தீபாவளிக்குப் பாப்பாவுக்கு மாமன் எடுத்துக் கொடுக்கும் துணி மாதிரி, அவள் ஸ்கூல் வேன் காசும் நோட்டுப் புத்தகமும் இந்த வருஷம் மாமன் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். அதை எந்த மச்சானும் மறுக்க முடியாது. கேட்டால் முறை என்று சொல்லிக்கொள்ளலாம்.

வைகைக்கரை:

அண்ணே, அந்தச் சீர் யோசனை பிரமாதம். சொன்னேன். மச்சான் ஒன்றும் பேசவில்லை, அக்காவிடம் "மாமன்காரன் செய்யறான், செய்யட்டும்" என்றாராம்.

மற்றபடி நிலவரம்: பள்ளியில் டிசி பேச்சு நின்றிருக்கிறது, வகுப்பாசிரியர் நல்ல மனுஷர். மச்சான் ஒருமுறை மருத்துவரிடம் வந்தார். பாட்டி திருநீறு பூசுகிறார், கூடவே மாத்திரை போட்டானா என்று அவரே கேட்கத் தொடங்கிவிட்டார். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாப்பிடப் போனோம். அவள் கேட்ட முதல் கேள்வி, "மாமா, அண்ணன் செத்துருவானா?"

பையன் விஷயத்தில் ஒன்று கேட்க வேண்டும். இப்போது அம்மா பதில் சொல்வதைக் குறைத்திருப்பதால் என்னிடம் கேட்கிறான். "மாமா, நீங்க சொல்லுங்க, கை சுத்தமா இருக்குல்ல?" கண்ணில் தண்ணீர் நிற்கிறது. என்ன சொல்வது?

மனநலப்பணி:

சைக்காலஜிஸ்ட் வீட்டுக்கு என்ன வாக்கியம் கொடுத்திருக்கிறார் என்று அக்காவிடம் கேட்டு அதையே சொல்லுங்கள். பொதுவாக இப்படி இருக்கும்: "இது ஓசிடி கேக்கற கேள்வி மாதிரி இருக்கு. அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்னு நாம பேசி வெச்சிருக்கோம். ஆனா உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது, நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்." சொல்லிவிட்டு உட்கார்ந்திருங்கள். கேரம் போர்டு எடுங்கள், கிரிக்கெட் பேசுங்கள். பதற்றம் ஏறும், கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். இறங்குவதை அவன் உடம்பு கற்றுக்கொள்வதுதான் சிகிச்சை. தாங்கியதைப் பாராட்டுங்கள், எத்தனை நிமிடம் என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

அக்காவைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. அவர் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா? 14416 என்ற டெலிமானஸ் எண், அரசின் மனநல உதவி எண், நோயாளிக்கு மட்டுமில்லை, பார்த்துக்கொள்கிறவர்களும் பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். பையன் உயிரை விடுவதைப் பற்றிப் பேசினால் அல்லது சாப்பிடவே மறுத்தால் போனோடு நிற்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அட்மிட் செய்ய வேண்டி வந்தாலும் பயப்பட வேண்டாம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பெரியவர்களோடு சேர்த்துப் படுக்க வைக்கக்கூடாது, வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

மொட்டைமாடி:

அக்காவைப் பழைய வேலைக்கோ பக்கத்தில் ஏதாவது அரைநாள் வேலைக்கோ திரும்பப் போகச் சொல்லிப் பாருங்கள் தம்பி. நாள் முழுக்க இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பது இரண்டு பேருக்கும் நல்லதில்லை.

வைகைக்கரை:

டியூஷன் எடுக்கலாம் என்று அவளே யோசிக்கிறாள். பார்ப்போம்.

கடைசியாக ஒன்று. அடுத்த மாதம் என் பையனுக்குக் காதுகுத்து. மொத்தச் சொந்தமும் வரும். அவனைப் பற்றிக் கேட்பார்கள். வயிற்றுவலி என்று சொல்லிச் சமாளிப்பதா, உள்ளதைச் சொல்வதா? மச்சான் எதையும் சொல்ல வேண்டாம் என்கிறார். அக்காவுக்கு மூடி மூடி வைத்து அலுத்துவிட்டது.

சாக்பீஸ்:

சொல்லிவிடுங்கள். மூடினால் கதை கட்டுவார்கள்.

ஒர்க்‌ஷாப்_அப்பா:

சொல்லாதீர்கள். சொன்னால் ஆளாளுக்கு டாக்டர் ஆகிவிடுவார்கள்.

இரண்டாவது_பிள்ளை:

பையனிடம் கேட்டீர்களா?

வைகைக்கரை:

கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்கு ஓசிடின்னு சொல்லுங்க மாமா, பரவால்ல. ட்ரீட்மென்ட் போயிட்டிருக்குன்னும் சொல்லுங்க. ஆனா கொடைக்கானல் பெரியம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க, அவங்க கையப் புடிச்சுக்கிட்டே பேசுவாங்க" என்றான். மண்டபத்தில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்துப் பந்தியில் உட்கார மாட்டேன் என்றும் அவனே சொல்லியிருக்கிறான். சைக்காலஜிஸ்ட் இந்த மாதத்துக்குக் கொடுத்த படியாம் அது.